காயம்பட்ட மனமும் காதல் நாவலும்

தமிழில் வரும் காதல் நாவல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதல் இருபது பக்கத்துக்குள் மனம் உடைந்த ஒருவர் வந்துவிடுவார். தாய் விட்டுவிட்டுப் போன மகன், நிச்சயதார்த்தம் நின்றுபோன பெண், சித்தியிடம் பேச்சு வாங்கியே வளர்ந்தவள், முதல் காதலில் ஏமாந்து இனி எந்தப் பெண்ணையும் நம்புவதில்லை என்று இருக்கும் தொழிலதிபர். கடைசிப் பக்கத்தில் இவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். காயம் இருந்த இடமே தெரியாது.

இது கதைக்கு மட்டும் உரிய வசதியா, வாழ்க்கையிலும் நடக்கிற காரியமா? விமர்சகர்கள் இந்தக் கேள்வியைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பொழுதுபோக்குப் புத்தகம் என்று ஒதுக்கிவிடுவார்கள். படிக்கிறவர்கள் அப்படி ஒதுக்குவதில்லை. கதையில் பார்த்ததை வீட்டில் வைத்துப் பார்ப்பார்கள், வீட்டில் பார்த்ததைக் கதையில் தேடுவார்கள்.

ஜொகூரில் இருக்கிற சிம்பாங் ரெங்கம் போன்ற ஊரில் வைத்து இதைக் கேட்டால் கேள்வியின் கனம் இன்னும் கூடும். ஆயர் ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் பழைய சாலையோரம் இருக்கிற சின்னப் பட்டணம் அது. சுற்றிலும் செம்பனையும் அன்னாசியும். மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த ஊரின் பெயர் வேறொரு காரணத்தாலும் தெரியும். அதைப் பிறகு பார்ப்போம். முதலில் நாவல்கள்.

யார் படிக்கிறார்கள், எதற்காக?

தமிழில் இந்த வகை எழுத்துக்கு ரமணிசந்திரன் என்ற பெயரே முத்திரை. நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர் அவர். கோபக்கார நாயகன், தன்மானம் மிக்க நாயகி, நடுவில் ஒரு சந்தேகம், அதனால் ஒரு பிரிவு, உண்மை தெரிந்தபின் இணைவு என்பது வாசகிகளுக்கு மனப்பாடமான பாதை. எல்லை மீறாத எழுத்து என்பதால் தாயும் மகளும் ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படிக்கலாம். ராணிமுத்து, மாலைமதி, கண்மணி என்று மாத நாவல்கள் கடல் தாண்டி மலேசியக் கடைகளுக்கும் வந்தன. ஒருவர் வாங்க, நாலு வீட்டில் படிப்பார்கள். அட்டை கிழிந்த பிறகும் புத்தகம் சுற்றிக்கொண்டிருக்கும்.

முடிவு இன்னதென்று தெரிந்த கதையை ஏன் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்? அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே, காதல் நாவல் படிக்கும் பெண்களிடமே போய் இதைக் கேட்டார். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஓர் ஊரில் நாவல் வாசகிகளோடு பேசி அவர் எழுதிய ஆய்வு நூல் 1984-இல் வெளிவந்தது. பெண்கள் சொன்ன பதிலில் காதல் இரண்டாம் இடத்தில்தான் இருந்தது. கையில் புத்தகம் இருக்கும் நேரம் தங்களுக்கென்று ஒதுங்கிய நேரம், அப்போது யாரும் தங்களிடம் எதுவும் கேட்க முடியாது என்பதே முதல் காரணம். நாள் முழுக்க வீட்டில் உள்ளவர்களைக் கவனித்தவளுக்கு, ஒருத்தியை ஒருவன் கவனிக்கும் கதை தேவைப்பட்டது.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து எல்லாருக்கும் பசியாற வைத்து, வேலைக்குப் போய்வந்து, துணி துவைத்துப் பாத்திரம் கழுவி, பிள்ளைகள் தூங்கியபின் கிடைக்கிற முக்கால் மணி நேரத்தில் ஒரு பெண் நாவலைப் பிரிக்கிறாள். "ஏன் முகம் வாடியிருக்கிறது?" என்று கதையில் ஒருவன் கேட்கிறான். அவள் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. காயப்பட்ட பாத்திரங்கள் இந்த நாவல்களில் நிறைந்திருப்பதற்கு இதுவே பெரிய காரணம். காயம் இல்லாதவளை யார் விசாரிக்கப் போகிறார்கள்?

ராட்வே இன்னொன்றையும் கவனித்தார். வாசகிகளுக்குப் பிடித்த நாவல்களில் நாயகன் தொடக்கத்தில் முரடனாக, அலட்சியக்காரனாக இருக்கிறான். பின்பாதியில் அந்த முரட்டுத்தனத்துக்கு விளக்கம் வருகிறது. முன்பு யாரோ அவனைக் காயப்படுத்தியிருக்கிறார்கள், அல்லது அவளைக் காதலிப்பதை ஒப்புக்கொள்ள அவனுக்குப் பயம். விளக்கம் வந்ததும் முதல்பாதிக் கொடுமைகள் எல்லாம் காதலாக மாறிவிடுகின்றன. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

அவன் காயம், அவள் காயம்

தமிழ் நாவல்களில் ஆணின் காயத்தையும் பெண்ணின் காயத்தையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை. அவனுடைய காயம் அவனுக்கு அனுமதிச் சீட்டு. சின்ன வயதில் தாயன்பு கிடைக்கவில்லை, ஆகவே இப்போது மனைவியைச் சந்தேகிக்கலாம், வார்த்தையால் குத்தலாம், அறையில் பூட்டலாம். அவளுடைய காயம் அவளுக்குக் கறை. அதை அவள் மறைக்க வேண்டும். தெரிந்தபின் அவன் பெரிய மனது வைத்து மன்னிக்க வேண்டும். எந்தத் தவறும் செய்யாதவளை எதற்காக மன்னிப்பது என்று கதையில் யாரும் கேட்பதில்லை.

தொடராக எழுதிப் பின்பு புத்தகமாக வருகிற இன்றைய நாவல்களில் 'ஆன்டி ஹீரோ கதை' என்று தனி ரகமே உண்டு. பழிவாங்குவதற்காக நாயகியைக் கட்டாயக் கல்யாணம் செய்து வதைக்கும் நாயகன், அவனுடைய இளமைக்காலக் கண்ணீர்க் கதை, அவள் பொறுமை, அவன் மனமாற்றம். பழைய தலைமுறை நாயகன் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போவான். இவன் கன்னத்தில் அறைகிறான். இரண்டுக்கும் கடைசியில் பூமாலைதான். இப்படி எழுதுவது குற்றமல்ல, படிப்பதும் குற்றமல்ல. ஆனால் பதினெட்டு வயதில் ஐம்பது நாவல் இதே வரிசையில் படித்த பெண், அடிக்கிற ஒருவனைப் பார்த்தால், "இவனுக்குள் ஏதோ காயம் இருக்கிறது, என் அன்பு ஆற்றிவிடும்" என்று நினைக்க மாட்டாள் என்று யார் உறுதி சொல்ல முடியும்?

நேர்மாறான வழியில் போனவர் ஜெயகாந்தன். 1966-இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், மழைநாள் மாலையில் காரில் ஏற்றிக்கொண்டு போன ஒருவனால் கல்லூரி மாணவி ஒருத்தி கெடுக்கப்படுகிறாள். வீட்டுக்கு வந்து விதவைத் தாயிடம் நடந்ததைச் சொல்கிறாள். ஆத்திரம் அடங்கிய தாய் அவள் தலையில் தண்ணீரை ஊற்றுகிறாள். நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி, விஷயத்தை அதோடு முடித்துவிடுகிறாள். கதை வந்ததும் தமிழ்நாட்டில் பெரும் சர்ச்சை எழுந்தது. கெட்டுப்போன பெண்ணை எப்படிச் சுத்தம் என்று சொல்லலாம் என்பது எதிர்ப்பாளர்கள் கேள்வி. அன்று அவர்கள் கவனிக்காத ஒன்று இன்று படிக்கிறவர்களுக்குப் பளிச்சென்று தெரியும். அந்தப் பெண்ணின் காயத்தை ஆற்றுகிறவன் காதலன் அல்ல, ஆற்றுகிறவள் தாய். மருந்து ஒரு குடம் தண்ணீரும் நாலு வார்த்தையும்.

அந்த நாலு வார்த்தை கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? அதைத்தான் ஜெயகாந்தன் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் எழுதினார். 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல் அது. அதன் நாயகி கங்காவுக்கும் அதே மழைநாள், அதே கார். ஆனால் அவளுடைய தாய் கூச்சல் போட்டு அழுதுவிடுகிறாள். அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். ஆதரவு கொடுத்துப் படிக்கவைக்கும் மாமா அவளையே தவறான எண்ணத்தோடு சுற்றிவருகிறார். ஆண்டுகள் பல கழித்து, நல்ல உத்தியோகத்தில் இருக்கும் கங்கா பத்திரிகையில் ஒரு கதை படிக்கிறாள். அது தன் கதை. ஆனால் அந்தக் கதையில் வரும் தாய், தன் தாய் செய்யாததைச் செய்கிறாள். காயப்பட்ட பெண்ணொருத்தி கதை படித்து, "எனக்கும் இப்படி ஒருத்தர் சொல்லியிருந்தால்" என்று ஏங்குவதைத் தமிழில் இவ்வளவு துல்லியமாகக் காட்டிய நாவல் வேறு சொல்வது கடினம். ரமணிசந்திரன் நாவலைப் பிடித்துக்கொண்டு விழித்திருக்கும் பெண்ணும் கங்காவும் தூரத்துச் சொந்தம் அல்ல.

கங்கா அந்தக் கார்க்காரனைத் தேடிப் போகிறாள். பெயர் பிரபு, குடிகாரர், கல்யாணமானவர், ஒரு பெண்ணுக்குத் தகப்பன். சாதாரண நாவலாக இருந்தால் பிரபு திருந்துவார், தாலி கட்டுவார். இங்கே இரண்டும் இல்லை. இருவருக்கும் நடுவில் ஒரு நட்பு வளர்கிறது, அவளுக்கு அது காதலாகவும் ஆகிறது. அவர் விலகிப் போனதும் அவள் குடிக்கத் தொடங்குகிறாள். பல வாசகர்களுக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை, இன்றும் பிடிப்பதில்லை. 1977-இல் பீம்சிங் இயக்கத்தில் படமாக வந்தபோது கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. இந்தக் கதையில் நாயகியின் காயம் அந்த மழை மாலையோடு முடியவில்லை. அதற்குப் பிறகு வீடு அவளை நடத்திய விதம்தான் ஆழமாக இறங்கியது. பிறந்த வீடு செய்த புண்ணை ஒரு காதலன் வந்து ஆற்றிவிட முடியும் என்று ஜெயகாந்தன் பொய் சொல்லவில்லை.

ஆறவே ஆறாதா என்றால், அப்படியும் இல்லை. 1986-இல் மணிரத்னம் எடுத்த 'மௌன ராகம்' பலருக்கும் நினைவிருக்கும். காதலனைப் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பறிகொடுத்த திவ்யா, விருப்பமில்லாமல் சந்திரகுமாருக்குக் கழுத்தை நீட்டுகிறாள். டெல்லியில் குடித்தனம். உனக்கு என்ன வேண்டும் என்று கணவன் கேட்கிறான், விவாகரத்து என்கிறாள். அவன் கோபித்துக்கொண்டு கையை ஓங்கவில்லை. அன்பால் உன்னை மாற்றிக்காட்டுகிறேன் என்று சவாலும் விடவில்லை. வக்கீலிடம் அழைத்துப் போகிறான். ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்ல, அந்தக் காத்திருப்பில்தான் அவள் மனம் திரும்புகிறது. வெளியே போகும் கதவு திறந்திருந்ததால் அவளால் உள்ளே இருக்க முடிந்தது.

மனநூலார் சொல்வது

பிரிட்டனைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, தாயைப் பிரிந்த குழந்தைகளை ஆராய்ந்து பிணைப்பு பற்றிய கோட்பாட்டை உருவாக்கினார். சின்ன வயதில் நம்பியவர் கைவிட்டால், குழந்தை ஒட்டிக்கொண்டே திரியும், அல்லது யாரும் தேவையில்லை என்பதுபோல் விலகி நிற்கும். சின்டி ஹசான், பிலிப் ஷேவர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1987-இல் இதையே பெரியவர்களின் காதலுக்கும் பொருத்திக் காட்டினர். நாவல்களில் வரும் முசுட்டு நாயகனும், "என்னை விட்டுப் போய்விடுவீர்களா" என்று பத்துத் தடவை கேட்கும் நாயகியும் அந்தக் குழந்தைகள் வளர்ந்த உருவம்தான். இந்த அளவில் நாவலாசிரியர்கள் மனிதர்களைச் சரியாகவே கவனித்திருக்கிறார்கள்.

பழக்கம் மாறும் என்பதும் உண்மை. சொன்ன நேரத்துக்கு வருகிற, சொன்னதைச் செய்கிற, கோபத்திலும் கைநீட்டாத ஒருவரோடு பல ஆண்டு பழகினால், பயந்த மனம் மெல்ல இறுக்கம் தளரும். ஆனால் அந்த ஒருவர் காதலராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டியாக இருக்கலாம், ஆசிரியையாக, தோழியாக, ஆலோசகராக இருக்கலாம். நாவல் இவர்களை எல்லாம் கதையிலிருந்து எடுத்துவிட்டு மொத்தச் சுமையையும் ஒரே ஆளின் தலையில் வைக்கிறது. மருத்துவரும் அவரே, மருந்தும் அவரே. நூற்றைம்பது பக்கத்துக்குள் குணமாக வேண்டும் என்றால் வேறு வழியும் இல்லை.

காயம் வேறு, கைநீட்டும் பழக்கம் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. வீட்டில் அடிக்கிறவர் வேலையிடத்தில் மண்டோரை அடிக்கிறாரா? நிர்வாகி திட்டினால் தட்டை எறிகிறாரா? பெரும்பாலும் இல்லை. அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு "சரிங்க" என்றுதான் நிற்கிறார். அடக்கத் தெரிந்த கோபம் வீட்டு வாசலில் வந்ததும் அடங்காமல் போவதற்குக் காரணம் குழந்தைப் பருவம் மட்டும் அல்ல. வீட்டில் கேட்பாரில்லை என்ற தைரியமும்தான்.

அமெரிக்க எழுத்தாளர் கொலீன் ஹூவர் 2016-இல் எழுதிய 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' நாவல் உலகெங்கும் பரபரப்பாக விற்றது. 2024-இல் படமாகவும் வந்தது. அதன் கணவன் ரைல் நல்ல மருத்துவர். ஆறு வயதில் கைத்தவறுதலாகத் தன் அண்ணனையே சுட்டுவிட்டவர். இதைவிடப் பெரிய காயம் எந்த நாயகனுக்கும் இருக்க முடியாது. லில்லிக்கு அவர்மேல் இரக்கம் உண்டு, காதலும் உண்டு. ஆனாலும் அவர் அடித்தபின், மகள் பிறந்ததும், விலகிவிடுகிறாள். தகப்பன் தாயை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் அவள்; அதே காட்சியைத் தன் மகள் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்கிறாள். அவருடைய காயத்தை அவள் மறுக்கவில்லை. அதற்கு விலை தான் கொடுக்க முடியாது என்கிறாள்.

இது ஏதோ புது நாகரிகம் என்று எண்ண வேண்டாம். காதல் நாவல்களின் பாட்டி என்று சொல்லத்தக்க 'ஜேன் அயர்' 1847-இல் வந்தது. முசுட்டு நாயகன் ரோச்செஸ்டர், அநாதைப் பெண் ஜேன். அவருக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது கல்யாணத்தன்று தெரிந்ததும், அவர் கெஞ்சியும் கேளாமல் ஜேன் வெளியேறுகிறாள். திரும்பி வரும்போது அவள் கையில் சிற்றப்பா விட்டுச்சென்ற சொத்து இருக்கிறது. அவருக்குக் கண் தெரியவில்லை. பின்னால் வந்த நாவல்கள் அந்த முசுட்டு நாயகனை எடுத்துக்கொண்டன. வெளியேறிய ஜேனைப் பெரும்பாலும் மறந்துவிட்டன.

மலேசியாவில் 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 1996-இல் நடப்புக்கு வந்தது. பின்னர் வந்த திருத்தங்கள் மனத்தைத் துன்புறுத்துவதையும் வன்முறை என்று சேர்த்தன. 2017-இல் நிறைவேறிய திருத்தம், சமூகநல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்க வழிசெய்தது. 15999 என்ற 'தாலியான் காசே' எண்ணுக்கு இரவிலும் அழைக்கலாம். நாவலில் இவை எதுவும் வருவதில்லை. போலீஸ் நிலையத்துக்குப் போகிற நாயகி கதையைக் கெடுத்துவிடுவாள் என்று பயம் போலும்!

எழுதப்பட வேண்டிய கதை

இனி சிம்பாங் ரெங்கத்தின் அந்த மற்றொரு காரணத்துக்கு வருவோம். அந்த ஊர்த் தடுப்பு முகாமில், 1969-ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டத்தின்கீழும், போதைப்பொருள் தொடர்பான 1985-ஆம் ஆண்டின் தடுப்புச் சட்டத்தின்கீழும் ஆட்கள் வைக்கப்பட்டார்கள். தமிழ் இளைஞர்களும் அவர்களில் இருந்தார்கள். போலீஸ் காவலில் 60 நாள் வரை, பின்பு அமைச்சர் கையெழுத்தில் இரண்டு ஆண்டு வரை. முடிந்தால் மறுபடியும் நீட்டிக்கலாம். நீதிமன்றத்தில் விசாரணை கிடையாது. 2011-இல் நாடாளுமன்றம் அவசரகாலப் பிரகடனங்களை மீட்டுக்கொண்டது, அடுத்த ஆண்டு அந்த அவசரகாலச் சட்டம் காலாவதியானது.

தண்டனைக் கைதியின் மனைவிக்கு ஒரு தேதி உண்டு. நாட்காட்டியில் கிழித்துக்கொண்டே வரலாம். விசாரணை இல்லாமல் உள்ளே இருப்பவரின் மனைவிக்குத் தேதி இல்லை. ஊரார் கேட்டால், குற்றம் செய்தார் என்றும் சொல்ல முடியாது, செய்யவில்லை என்றும் நிரூபிக்க முடியாது. சங்க இலக்கியம், போருக்குப் போன கணவனுக்காக மனைவி காத்திருப்பதை முல்லை என்று தனித் திணையாகவே வைத்தது. ஆனால் முல்லைத் தலைவிக்குக் கார்காலம் என்று ஒரு கெடு இருந்தது. மழை வந்தால் அவன் வருவான். இந்தப் பெண்களுக்கு அதுவும் இல்லை.

காதல் நாவல்களில் சிறையிலிருந்து வரும் நாயகன் நிரபராதியாகத்தான் வருவான். யாரோ சதி செய்திருப்பார்கள், கடைசியில் உண்மை வெளிப்படும். முகாமிலிருந்து திரும்பியவருக்கு வெளிப்பட ஒரு தீர்ப்பே கிடையாது. வந்தவர் கதவைத் தானே திறக்கத் தயங்குகிறார், ராத்திரி விளக்கை அணைக்க விடுவதில்லை, யாராவது சத்தமாகக் கூப்பிட்டால் எழுந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை நாள் தனியாகக் குடும்பம் நடத்தியவளோ, வீட்டுக் கணக்கை, கடனை, பிள்ளையின் பள்ளிக்கூடத்தை எல்லாம் தன் கையில் எடுத்துக்கொண்டு வேறொரு பெண்ணாகிவிட்டாள். இருவரும் காயப்பட்டவர்கள். யார் யாருக்கு மருந்து? அவர் கோபத்தை எதுவரை பொறுப்பது, எந்த இடத்தில் போதும் என்பது? அவளுடைய களைப்பை யார் விசாரிப்பது?

இதில் சந்தேகம் உண்டு, பிரிவு உண்டு, திரும்பி வருதலும் உண்டு. காதல் நாவலுக்கு வேண்டிய சாமான் அத்தனையும் இருக்கிறது. தொழிலதிபரும் பங்களாவும்தான் இல்லை. மற்ற நாவல்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று முடிக்கிற இடத்தில் இது தொடங்க வேண்டியிருக்கும். பேருந்து நிலையத்தில் ஒருவர் சின்னப் பையோடு இறங்குகிறார், அழைத்துப்போக வந்த மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மூன்று வயதுப் பிள்ளை, "இது யார்மா?" என்று கேட்கிறது.